பாதிப் பேர்தான் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த ஆர்பிஜி சிஸ்டம்? (காட்பாடி)

காட்பாடி_பாலம்:

எல்லாருக்கும் வணக்கம். காந்தி நகரில் ஒரு வீட்டில், ஞாயிறு மதியம் இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை ஆர்பிஜி (ஆளுக்கொரு பாத்திரமாக, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு) ஆட உட்காருகிறோம். ஜிஎம் (கதையை நடத்துகிறவர்) நான், விளையாடுபவர்கள் நாலு பேர். நாலில் ஒருவருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட், இன்னொருவருக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். யார் வருவார்கள் என்பது சனிக்கிழமை ராத்திரிதான் தெரியும்.

இப்போது ஓடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5-ஆம் பதிப்பு, 2014 புத்தகம், முதல் லெவல். ஆறு காப்லின் (குட்டி அரக்கர்கள்) கொண்ட ஒரு சண்டை முழுசாக ஒரு மணி நேரத்தைத் தின்கிறது. இரண்டு பேர் வராத வாரத்தில் அதே சண்டையை வைத்தால் மிச்சமுள்ளவர்கள் செத்துவிடுவார்கள் போலிருக்கிறது. குகை பாதியில் நிற்கும்போது ஆள் மாறினால் கதையும் ஒட்டமாட்டேன் என்கிறது.

இதையே சரிசெய்து ஓட்டலாமா, வேறு சிஸ்டத்துக்குப் போகலாமா? டிராகன், எல்ஃப் எல்லாம் வேண்டாம், பாலாறு, ஜவ்வாது மலை, கோட்டை என்று நம்ம பக்கத்தையே களமாக வைக்க ஆசை. பகடை ஒரே ஒரு செட்தான் இருக்கிறது. பெரிய செலவு முடியாது. "அதெல்லாம் உங்க டேபிளைப் பொறுத்தது" என்ற பதிலை மட்டும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.

அகழி_முதலை:

சிஸ்டம் மாற்றுவதற்கு முன்னால் அந்த ஆறு காப்லினின் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

2014 விதிப்படி ஒரு காப்லினுக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), ஆறுக்கு 300. எதிரிகள் மூன்றிலிருந்து ஆறு வரை இருந்தால், சண்டையின் கடினத்தை எடைபோட அதை இரண்டால் பெருக்க வேண்டும். ஆக 600. முதல் லெவலில் ஓர் ஆளுக்கு 'டெட்லி' (உயிருக்கே ஆபத்தான சண்டை) வரம்பு 100, நாலு பேருக்கு 400. நாலு பேரும் வந்திருந்தாலே அது வரம்பு மீறிய சண்டைதான். இரண்டு பேர் வராவிட்டால் வரம்பு 200-க்கு இறங்குகிறது. குழு மூன்று பேருக்கும் குறைவு என்பதால் பெருக்கலும் ஒரு படி ஏறி இரண்டரை ஆகிறது, அதாவது 750. கிட்டத்தட்ட நாலு மடங்கு. நாலு பேருக்கு மூன்று காப்லின் (150 × 2 = 300) என்றால் 'ஹார்ட்'. இரண்டு பேருக்கு இரண்டு காப்லினே (100 × 2 = 200) 'டெட்லி'யைத் தொட்டுவிடும். இந்தப் பெருக்கலைப் பலர் படிக்காமலே தாண்டிப் போகிறார்கள், முதல் லெவல் குழுக்கள் மொத்தமாகச் சாவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து நேரம். நாலு பிளேயர், ஆறு காப்லின் என்றால் ஒரு சுற்றில் பத்துப் பேருக்கு முறை வரும். முறைக்கு ஒன்றரை நிமிடம் வைத்தால் சுற்றுக்கு 15 நிமிடம், நாலு சுற்றுக்கு ஒரு மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரம் அப்படித்தான் போகிறது, யாரும் மெதுவாக ஆடுவதால் அல்ல. குறைக்க வழி இருக்கிறது. எல்லாக் காப்லினுக்கும் சேர்த்து ஒரே இனிஷியேட்டிவ் (யார் முறை முதலில் என்று முடிவுசெய்யும் உருட்டல்) போடுங்கள். டேமேஜ் உருட்டாமல், புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் சராசரியை (காப்லினுக்கு 5) அப்படியே எடுங்கள். பிளேயர்கள் அட்டாக் பகடையையும் டேமேஜ் பகடையையும் ஒரே கையில் போடட்டும். பாதிக் காப்லின் விழுந்ததும் மிச்சத்துக்கு விஸ்டம் சேவ், டிசி 10 (டி20, அதாவது இருபது முகப் பகடை போட்டு, விஸ்டம் எண்ணைக் கூட்டி 10-ஐ எட்ட வேண்டும்). தவறினால் ஓட்டம். இது டிஎம் கைடில் (ஜிஎம்முக்கான புத்தகம்) விருப்ப விதியாகவே இருக்கிறது. இவ்வளவும் செய்தால் சுற்றுக்கு ஆறேழு நிமிடம், மூன்றாம் சுற்றில் சண்டை முடிந்துவிடும்.

இன்னொரு கோளாறு வெளியே தெரியாது. 5-ஆம் பதிப்பின் சமநிலை, ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு மோதல் வரை நடக்கும் என்ற கணக்கில் கட்டப்பட்டது. மூன்று மணி நேரத்தில் ஒன்றோ இரண்டோதான் நடக்கும். அதற்குப் பிறகு எல்லாரும் லாங் ரெஸ்ட் (முழு ஓய்வு) எடுத்தால், மந்திரவாதி தன் ஸ்பெல் முழுவதையும் ஒரே சண்டையில் கொட்டிவிடுவார், ஃபைட்டர் வேடிக்கை பார்ப்பார். ஷார்ட் ரெஸ்ட் (சின்ன ஓய்வு) 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள் என்ற மாற்று விதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பினால்தான் முழு ஓய்வு என்றாகிவிடும், உங்கள் நிலைமைக்கும் அது பொருந்தும்.

பாத்ஃபைண்டர் 2-ஆம் பதிப்பு (2019) பற்றி யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சண்டைக் கணக்கில் அதை மிஞ்ச ஆள் இல்லை. நாலு பேருக்கு மிதமான சண்டை 80 எக்ஸ்பி, ஒரு ஆள் குறைந்தால் 20 கழித்தால் போதும். முறைக்கு மூன்று ஆக்ஷன், இரண்டாம் அடிக்கு மைனஸ் 5, மூன்றாம் அடிக்கு மைனஸ் 10. இலக்கை 10 அல்லது அதற்கு மேல் தாண்டினால் கிரிட்டிகல் (பெரு வெற்றி). விதிகள் முழுவதும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நீத்திஸ் தளத்தில் சட்டப்படி இலவசம். ஆனால் ஒவ்வொரு பிளேயரும் தன் கேரக்டரை வீட்டில் படித்துவிட்டு வர வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் அதைக் கேட்கக் கூடாது. விட்டுவிடுங்கள்.

சோழிப்பை:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் யார் வருவார்கள் என்பது சனி ராத்திரி தெரிகிற ஜிஎம் ஏன் கணக்கே போட வேண்டும்? சண்டை சமமாக இருக்கும் என்று வாக்குக் கொடுக்காத சிஸ்டத்துக்கு மாறுங்கள். கெய்ர்ன் (2020) இலவசம், பிடிஎஃப் இறக்கிக்கொள்ளலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் தமிழில் எழுதி, அதே உரிமத்தில் பகிரவும் தடையில்லை.

கேரக்டர் உருவாக்கப் பத்து நிமிடம் போதும். வலிமை, சுறுசுறுப்பு, மனவுறுதி மூன்றுக்கும் வரிசையாக 3டி6 (மூன்று ஆறுமுகப் பகடையின் கூட்டு). வேண்டுமானால் எதாவது இரண்டை இடம் மாற்றலாம். ஹெச்பி (அடி தாங்கும் அளவு) 1டி6. கிளாஸ் இல்லை, லெவல் இல்லை. ஆள் யார் என்பதை அவர் தூக்கிக்கொண்டு போகும் பொருள்தான் சொல்லும். மொத்தம் பத்து இடம், பருமனான பொருளுக்கு இரண்டு. பத்தும் நிரம்பினால் ஹெச்பி பூஜ்யம். கயிறா, தண்ணீர்க் குடமா, வேலா என்று ஆட்டத்துக்கு முன்பே வாக்குவாதம் தொடங்கும். அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

சண்டையில் 'பட்டதா' என்ற உருட்டலே கிடையாது. ஆயுதப் பகடையைப் போட்டு, எதிராளியின் கவசத்தைக் கழித்து, மிச்சத்தை ஹெச்பியில் குறைக்க வேண்டும். ஹெச்பி தீர்ந்தபின் மீதி அடி வலிமையில் இறங்கும். உடனே டி20 போட்டு, குறைந்துபோன அந்த வலிமைக்குச் சமமாகவோ கீழாகவோ வர வேண்டும், இல்லாவிட்டால் ஆள் சாய்ந்தார். ஒரே எதிரியைப் பலர் தாக்கினால் எல்லாரும் உருட்டி, பெரிய எண் ஒன்றை மட்டும் எடுப்பது. அதனால் ஆள் கூடினாலும் குறைந்தாலும் சண்டையின் நீளம் பெரிதாக மாறாது. எதிரிகள் முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் விழும்போதும் மனவுறுதி சேவ் போடுவார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்று, பத்து நிமிடம்.

எங்கே கெட்டுப்போகும் என்றால், 5-ஆம் பதிப்பு ஆடிப் பழகியவர்கள் கதவைத் திறந்ததும் கத்தியை உருவுவார்கள். இங்கே அப்படிச் செய்தால் முதல் அரை மணியிலேயே ஒரு பிணம். ஜிஎம் ஆபத்தை மறைக்கக் கூடாது. "கரையில் நாலு பேர், இரண்டு பேர் கையில் வீச்சரிவாள், உங்களை இன்னும் பார்க்கவில்லை, காற்று உங்கள் பக்கமிருந்து அவர்கள் பக்கம் வீசுகிறது." இவ்வளவையும் உருட்டல் கேட்காமல் சும்மாவே சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்து அடித்தால் விதி அநியாயம் என்று அடுத்த வாரமே கூட்டம் கலையும். இன்னொன்று, லெவல் ஏறுவது இல்லை என்பதால் எண் வளர வேண்டும் என்று ஆடுகிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். அவர்களுக்குப் பொருளும் உறவும் கடனும்தான் வளர்ச்சி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பகடைப் பிரச்சினைக்கு வீட்டிலேயே தீர்வு இருக்கும். பித்தளைத் தாயக்கட்டைக்கு நாலு முகம், 0, 1, 2, 3. ஒரு கட்டையே டி4, பூஜ்யத்தை 4 என்று படிக்கவும். டி20 வேண்டுமானால் ஒரு கட்டையும் ஒரு சாதாரண ஆறுமுகப் பகடையும் போடுங்கள். கட்டை காட்டும் எண்ணை (பூஜ்யம் பூஜ்யமாகவே) 5-ஆல் பெருக்கி, பகடையைக் கூட்டுங்கள். பகடையில் 6 விழுந்தால் பகடையை மட்டும் மறுபடி போட வேண்டும். 1-லிருந்து 20 வரை எல்லா எண்ணுக்கும் சமவாய்ப்பு. டி10-க்கு கட்டை இரட்டைப்படை என்றால் 0, ஒற்றைப்படை என்றால் 5, அதோடு அதே மாதிரி பகடை. டி8-க்கு ஒரு கட்டையை டி4 போலப் படித்து, இரண்டாவது கட்டை ஒற்றைப்படையானால் 4 கூட்டவும். டி12-க்கு ஆறுமுகப் பகடையோடு கட்டை, ஒற்றைப்படையானால் 6 கூட்டவும்.

இரண்டு கட்டையையும் சேர்த்துக் கூட்டி டி6 மாதிரி பயன்படுத்தாதீர்கள். 16 சேர்க்கையில் 3 நாலு வழியில் விழும், 0-வும் 6-ம் ஒவ்வொரு வழியில்தான். பாட்டி காலத்துக் கட்டை என்றால் ஓரம் தேய்ந்திருக்கும். 80 தடவை உருட்டிக் குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு முகமும் 20-ஐ ஒட்டி வர வேண்டும், ஏதாவது ஒன்று 30-ஐத் தாண்டினால் அந்தக் கட்டை தாயத்துக்கே இருக்கட்டும். சோழியும் புளியங்கொட்டையும் பார்க்க அழகுதான், ஆனால் இரண்டு பக்கமும் சமமாக விழாது.

ஏழு_முதல்_ஒன்பது:

கெய்ர்ன் நல்லதுதான்ணா, இல்லன்னு சொல்லல. ஆனா அது ஜாஸ்தி "உள்ள போ, பொருள எடு, உயிரோட வெளிய வா" மாதிரி ஆட்டம். நம்ம பக்கத்துக் கதைன்னா கடன், பங்காளிச் சண்டை, சீட்டுப் பணம், கோயில் முதல் மரியாதை, இதெல்லாம்தான் ஓடும். அதுக்கு பவர்ட் பை தி அப்பாகலிப்ஸ் வகை (அப்பாகலிப்ஸ் வேர்ல்டைப் பின்பற்றி எழுதின சிஸ்டங்கள்) பாருங்க. அப்பாகலிப்ஸ் வேர்ல்ட் 2010-ல வந்துச்சு, டன்ஜன் வேர்ல்ட் 2012. பெரும்பாலும் சாதா ஆறுமுகப் பகடை ரெண்டு போதும், டன்ஜன் வேர்ல்ட்ல மட்டும் டேமேஜுக்கு வேற பகடையும் வேணும். 10-ம் அதுக்கு மேலயும் வந்தா நினைச்சது நடக்கும். 7-லருந்து 9 வந்தா நடக்கும், ஆனா ஒரு விலை உண்டு. 6-ம் கீழயும் வந்தா ஜிஎம் பாடு கொண்டாட்டம்.

ஜிஎம் பகடையே தொட வேண்டியதில்ல. எதிரிக்குத் தனி முறையும் இல்ல, இனிஷியேட்டிவும் இல்ல. ரெண்டு பேர் வந்தாலும் ஆடலாம், அஞ்சு பேர் வந்தாலும் ஆடலாம்.

கணக்கு பாத்துக்கங்க. கூட்டறதுக்கு ஒண்ணும் இல்லன்னா முழு வெற்றி 36-ல 6, நடுவாந்தரம் 15, தோல்வி 15. பிளஸ் 1 இருந்தா 10, 16, 10. பிளஸ் 2-ன்னா 15, 15, 6. ஆக எப்படி உருட்டினாலும் பத்துக்கு நாலு தடவ "நடந்துச்சு, ஆனா..." தான். அந்த "ஆனா"வுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு ஜிஎம் மண்டையில இருந்து வரணும். நாலரை மணிக்கு மேல மண்டை காலி. அப்புறம் எல்லா உருட்டலுக்கும் "சத்தம் கேட்டு ஆள் வந்துட்டான்"னே ஓடும். அதனால ஆட்டத்துக்கு முன்னாடியே அந்த இடத்துக்குன்னு பத்து சிக்கல் எழுதி வச்சுக்கணும். வாலாஜா சந்தைன்னா: பழைய கடன்காரன் பார்த்துட்டான், வண்டி மாடு மிரண்டுச்சு, கைல இருந்த நோட்டுல ஒண்ணு கள்ள நோட்டு, சாட்சி சொல்ல வேண்டியவன் பஸ் ஏறிட்டான். இப்படி. யூஸ் பண்ணத அடிச்சுட்டே வரணும்.

இன்னொரு தப்பு, எதுக்கெடுத்தாலும் உருட்டச் சொல்றது. தோத்தா சுவாரசியமா ஒண்ணும் நடக்காதுன்னா உருட்டவே வேணாம்.

ஃபேட் கோர்-உம் பாக்கலாம், 2013. விதிகள் இலவசம், ஃபேட் அக்சிலரேட்டட் இன்னும் சின்னது. நாலு பகடை, 1-2 மைனஸ், 3-4 வெறும், 5-6 பிளஸ். ஆளோட குணத்த ஒரு வரியா எழுதணும், அது தமிழ்ல எழுதினாதான் ஜோரா வருது: "ஆரணிப் பட்டு வாங்கித் தரேன்னு மூணு பேருக்கு வாக்குக் கொடுத்தவன்." அந்த வரி உதவினா ஒரு ஃபேட் பாயிண்ட் குடுத்து பிளஸ் 2. அதே வரி மாட்டிவிட்டா ஜிஎம் கிட்டருந்து ஒரு பாயிண்ட் வரும். "தைரியசாலி"ன்னு மட்டும் எழுதினா வேலைக்காவாது, மாட்டிவிடவே வழி இல்ல. ஒரு வரி ரெண்டு பக்கமும் வெட்டணும்.

ஜவ்வாது_மூங்கில்:

கேள்வியில் 'நம்ம பக்கம்' என்று இருப்பதால் கால் ஆஃப் துலு (திகில் விசாரணை ஆட்டம், 7-ஆம் பதிப்பு, 2014) பற்றிச் சொல்கிறேன். கயோசியம் நிறுவனத்தின் குயிக்-ஸ்டார்ட் பிடிஎஃப் இலவசம், ஆட ஒரு கதையும் அதிலேயே இருக்கிறது. விதி விளக்க ஐந்து நிமிடம். திறமை 60 என்றால் நூற்றில் 60-க்குள் வர வேண்டும். கடினமான வேலைக்கு அதில் பாதி (30), மிகக் கடினத்துக்கு ஐந்தில் ஒன்று (12). தோற்றால் ஒரு தடவை 'புஷ்' செய்து மறுபடி போடலாம், இன்னும் மோசமான விளைவுக்கு ஒப்புக்கொண்டு. சண்டையில் புஷ் கிடையாது. ரயில் டிக்கெட் தள்ளுபடி கணக்குத் தெரிந்த யாருக்கும் இந்த விதி புரியும். டி20 குடும்பத்தில் புதியவர்கள் தடுமாறுவது 'எந்தப் பகடை, எதைக் கூட்டணும்' என்பதில்தான், அந்தத் தொல்லையே இங்கே இல்லை.

ஆள் வராத பிரச்சினைக்கும் இது தோது. விசாரணைக் குழுவில் ஒருவர் இன்று வரவில்லை என்றால் அவர் ரெக்கார்டு ரூமில் தேடிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். குகை நடுவில் ஆள் மாயமாக வேண்டியதில்லை.

காவலூர் வானாய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலைக் காட்டுக்குள், 2.34 மீட்டர் தொலைநோக்கி, சுற்றிலும் விளக்கு வெளிச்சம் இல்லாத இரவு. இதைவிட நல்ல களம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. செங்கம் பக்கத்து நடுகற்களும் அப்படித்தான்: வட்டெழுத்துப் பொறித்த கல், மாடு மீட்கப் போய் விழுந்த வீரன். அந்தக் கற்களில் ஒன்று ஊர்க்காரர்கள் எவரும் பார்த்திராத புதுக் கல் என்றால், உங்கள் கதை தொடங்கிவிட்டது.

விசாரணைக் கதை நின்றுபோக ஒரே காரணம் துப்பு உருட்டலில் தோற்பது. "ஸ்பாட் ஹிட்டன் (மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் திறமை) போடுங்க" என்கிறீர்கள், நாலு பேரும் தவறுகிறார்கள், இனி என்ன? கதை அங்கேயே படுத்துவிடும். கதை நகர அவசியமான துப்புக்கு உருட்டலே வேண்டாம், சரியான இடத்தில் தேடினால் கொடுத்துவிடுங்கள். உருட்டல் கூடுதல் விவரத்துக்கு மட்டும். ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று துப்பு, மூன்று வெவ்வேறு இடத்தில். இரவுப் பதிவேட்டில் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது, வாட்ச்மேன் அந்தத் தேதியில் மட்டும் விடுப்பு, மலைக் கிராமத்தில் ஆடுகள் அன்றிலிருந்து அந்தப் பக்கம் மேயப் போவதில்லை. மூன்றில் ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும்.

சானிட்டி (மனநிலைப் புள்ளி) விதியில் கவனம்: ஒரே உருட்டலில் 5 புள்ளி அல்லது அதற்கு மேல் போனால் இன்டெலிஜென்ஸ் உருட்டல் போட வேண்டும். அதில் *வெற்றி* பெற்றால்தான் தற்காலிகப் பைத்தியம், ஏனென்றால் பார்த்தது என்னவென்று புரிந்துவிட்டது. இதைத் தலைகீழாக ஆடும் ஜிஎம்கள் நிறைய.

1806 வேலூர் எழுச்சியைத் தொட ஆசைப்பட்டால் கேம்பெயினாக (பல வாரம் தொடரும் கதையாக) வேண்டாம், ஒருநாள் ஆட்டமாக வையுங்கள். ஜூலை 10 அதிகாலையில் தொடங்கி, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது. முடிவு எல்லாருக்கும் தெரியும், 'ஜெயிப்போமா' என்ற கேள்விக்கு இடமில்லை. வரலாறு வெற்றிடமாக விட்ட இலக்கைக் கொடுங்கள்: கோட்டைக்குள் இருக்கும் ஒரு சமையல்காரர் குடும்பத்தை, அல்லது ஒரு கடிதத்தை, குதிரைப்படை வருவதற்குள் வெளியே கொண்டுபோக வேண்டும். பிளேட்ஸ் இன் தி டார்க் (2017) சிஸ்டத்திலிருந்து 'கிளாக்' மட்டும் கடன் வாங்குங்கள். காகிதத்தில் ஒரு வட்டம், எட்டுக் கூறு. நிஜக் கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு கூறு நிரப்புங்கள். 160 நிமிடத்தில் குதிரைப்படை வாசலில். தொடக்க விளக்கத்துக்கு 20 நிமிடம் சேர்த்தால் உங்கள் மூன்று மணி நேரம் அச்சாக முடியும். வட்டம் எல்லார் கண்ணிலும் படும்படி நடுவில் இருக்க வேண்டும், ஜிஎம் திரைக்குப் பின்னால் வைத்தால் ஒரு பயனும் இல்லை.

காட்பாடி_பாலம்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கெய்ர்ன் பக்கம் மனசு சாய்கிறது, துப்புக்கு ஜவ்வாது_மூங்கில் சொன்ன மூன்று-துப்பு முறை. மூன்று சந்தேகம் பாக்கி. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் கேம்பெயின் என்று ஒன்று நிற்குமா? நம்ம ஊர் வரைபடத்தை எப்படி ஆட்டத்துக்குக் கொண்டுவருவது, அறுகோணக் கட்டம் போடணுமா? அப்புறம், ஊர்ப் பெயரே வைத்து ஆடினால் சாதி, மதம் பேச்சு வரும். அதை என்ன செய்கிறீர்கள்?

வாலாஜா_சந்தை:

அறுகோணக் கட்டம் வேண்டாம். மனித நடமாட்டம் இல்லாத காட்டுக்குத்தான் அது சரி. நம்ம பக்கம் எங்கே திரும்பினாலும் சாலையும் ஊரும். புள்ளி வைத்துக் கோடு போடுங்கள்: ஊர் புள்ளி, சாலை கோடு. வேலூரிலிருந்து ஆற்காடு சுமார் 25 கிலோமீட்டர், நடந்தால் ஒரு நாள். ஆற்காட்டுக்கும் வாலாஜாவுக்கும் நடுவே பாலாறுதான். ஆரணி 40-ஐ ஒட்டி, இரண்டு நாள் நடை. ஆம்பூர் சுமார் 50, அதுவும் இரண்டு நாள். அமிர்தி காடு தெற்கே 25 சொச்சம், ஆனால் ஏற்றம் என்பதால் ஒன்றரை நாள் வையுங்கள். மொத்தம் எட்டிலிருந்து பத்துப் புள்ளி போதும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு குணம் எழுதுங்கள்: நிழல் இல்லாத சாலை, வழிப்பறி, சுங்கம், ஆற்றைக் கடக்க வேண்டும். கெய்ர்னில் களைப்பு ஒரு பொருள் இடத்தைப் பிடிக்கும் என்பதால், சித்திரை வெயிலில் நிழலில்லாத சாலைக்கு ஓர் ஆளுக்கு ஒரு களைப்பு, ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் களைப்பு இல்லை என்று வைத்தால் போதும். வேலூர் வெயிலுக்குத் தனி விதி எழுத வேண்டியதே இல்லை. பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணல்தான், கடப்பது சுலபம். ஆனால் மறைவிடம் கிடையாது, அரை மைல் தூரத்திலிருந்தே ஆளைப் பார்த்துவிடலாம். மழைக்காலத்தில் தண்ணீர் வந்தால் அதே கோடு அறுந்துவிடும், சுற்றிப் போக வேண்டும். பருவம் மாறினால் வரைபடமே மாறுகிறது, ஜிஎம்முக்கு இலவசமாகக் கிடைக்கும் நிகழ்ச்சி இது.

கேம்பெயின் நிற்கும், ஒரே நிபந்தனை: ஒவ்வொரு ஞாயிறும் ஊரில் தொடங்கி ஊரில் முடிய வேண்டும். 'வெஸ்ட் மார்ச்சஸ்' என்று சொல்கிற முறை இதுதான். மூலதளம் ஒன்று, வாலாஜாவில் ஒரு சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு ஜிஎம் அலாரம். அப்போது வெளியில் இருந்தால் வெளியேறும் வேலையை ஆரம்பிக்க வேண்டும். ஐந்தே கால் ஆகியும் உள்ளேயே இருந்தால் ஒவ்வொருவரும் டி6: 1 என்றால் காயத்தோடு திரும்பினார், வலிமையில் டி4 குறைவு. 2, 3 என்றால் ஒரு பொருள் வழியில் தொலைந்தது. 4-ம் மேலும் பத்திரம். இந்த அட்டவணை கசப்பாக இருந்தால்தான் பிளேயர்கள் தாங்களாகவே கடிகாரம் பார்ப்பார்கள்.

வராதவரின் கேரக்டர் சத்திரத்தில் இருக்கிறது. அவரை இன்னொருவர் ஆடக் கூடாது, அங்கே ஆள் செத்தால் நட்பே போகும். பங்கும் கிடையாது, நஷ்டமும் கிடையாது. குறைந்தது ஜிஎம் தவிர இரண்டு பேர். ஒருவர் மட்டும் வந்தால் அயர்ன்ஸ்வோர்ன் (2018, இலவசம்) எடுத்து வையுங்கள், தனியாகவும் ஜோடியாகவும் ஆடுவதற்கென்றே செய்தது. ஜிஎம்மும் கேரக்டர் எடுத்து ஆடலாம்.

போன வாரக் கதை தெரியாமல் வருகிறவர் பாதி நேரம் முழிப்பார். பாரதக் கூத்தில் கட்டியங்காரன் வந்து இரண்டு நிமிடத்தில் முன்கதையும் கிண்டலுமாகச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி, ஒருவர் தொடக்கத்தில் சொல்லட்டும். ஜிஎம் சொல்லக் கூடாது. போன வாரம் வந்த பிளேயர் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவர்கள் எதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று ஜிஎம்முக்குத் தெரியும்.

சாதி, மதம்: முதல் நாள் பகடையைத் தொடுவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் ஒதுக்கிப் பேசி முடியுங்கள். இரண்டு பட்டியல் போதும். ஆட்டத்தில் வரவே கூடாதவை ஒன்று. இருக்கலாம், ஆனால் விவரிக்காமல் கடந்துபோக வேண்டியவை இன்னொன்று. ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எழுதுங்கள். வில்லனுக்குச் சாதிப் பெயர், நிஜக் குடும்பப் பெயர், இன்றைக்கு வழிபாட்டில் இருக்கும் கோயில் தெய்வம், தர்கா, இவை எல்லாவற்றையும் தவிர்ப்பது நல்லது. கற்பனை ஊர் ஒன்றை ஆற்காட்டுக்கும் ஆரணிக்கும் நடுவில் நட்டுவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஆட்டத்தின் நடுவே யாருக்காவது சங்கடம் என்றால் மேசை நடுவில் ஒரு அட்டை, தொட்டால் அந்தக் காட்சி அங்கேயே வெட்டு, கேள்வி இல்லை. தெரிந்தவர்கள்தானே என்று இதை விடாதீர்கள். தெரிந்தவர்களிடம்தான் 'வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்வது கஷ்டம்.

காட்பாடி_பாலம்:

தெளிவு. வர ஞாயிறு பேச்சும் கேரக்டர் உருவாக்கமும் மட்டும், அதற்கடுத்த வாரம் கெய்ர்ன், சத்திரம் வாலாஜாவில். தாயக்கட்டை எங்கள் வீட்டில் இல்லை, சீட்டுக்கட்டுதான் இருக்கிறது. ஏஸிலிருந்து 10 வரை மட்டும் எடுத்து, சிவப்பு என்றால் அப்படியே 1-10, கறுப்பு என்றால் 10 கூட்டி 11-20 என்று டி20-க்கு வைத்துக்கொள்கிறேன். நாற்பது சீட்டு, ஒவ்வொன்றாக இழுத்து ஓரமாக வைத்தால் சரிதானே?

சோழிப்பை:

ஓரமாக வைக்காதீர்கள். இழுத்த சீட்டைத் திருப்பிச் சேர்த்துக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் இருபது முப்பது சீட்டு போனதும் மிச்சம் என்னவென்று எண்ணத் தெரிந்தவர், சின்ன எண் நிறைய பாக்கி இருக்கும் நேரம் பார்த்துத்தான் சேவ் போடுவார். கெய்ர்னில் சேவுக்குச் சின்ன எண்தானே நல்லது. ஒவ்வொரு தடவையும் குலுக்குவது சலிப்பு என்றால் ஆளுக்குப் பத்துச் சீட்டு என்று பிரிக்காமல், கட்டை விசிறி போல விரித்து நடுவிலிருந்து உருவச் சொல்லுங்கள், உருவியதை வேறிடத்தில் செருகுங்கள். பத்து தடவைக்கு ஒருமுறை குலுக்கினால் போதும். டேமேஜுக்கு இருக்கிற ஒரு செட்டையே சுற்றிக் கொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு டி8 தேவைப்பட்டால் மூன்று நாணயம்: தலை விழுந்தால் ஒரு ரூபாய்க்கு 1, இரண்டு ரூபாய்க்கு 2, ஐந்து ரூபாய்க்கு 4, மொத்தத்தோடு 1 கூட்டவும்.